பொய்ப்பூச்சி கட்டுறது: கேளுங்கோ, சொல்லுறன்

ஃபிளை எண்டால் மீன் பிடிக்கிறதுக்கு இறகும் நூலும் வைச்சுத் தூண்டில் முள்ளில கட்டுற பொய்ப்பூச்சி. அதில பாரம் இல்லை. தடித்த லைன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். இதை மனசில வைச்சுக்கொண்டு கேளுங்கோ.

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, இரணைமடுவில ட்ரவுட் விட்டு வளர்க்கலாமோ?

ஏலாது தம்பி. ட்ரவுட் குளிர்தண்ணி மீன், அதுக்கு 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரைதான் சுகம். 20ஐத் தாண்டினால் தீன் குறைக்கும், 25க்குக் கிட்டப் போனால் உயிர் தங்கிறது கஷ்டம். சித்திரை வெயிலில எங்கட குளத்து மேல்தண்ணி 30ஐத் தொடும். 1880களில வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டதும் நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடையளிலதான். இங்க கட்டிப் பழகுங்கோ, எறியிறதுக்கு மலைக்குப் போங்கோ.

மாங்குளம்: மயில் இறகு நிறையக் கிடக்கு. முதல்ல எதைக் கட்டிறது?

நிம்ஃப் கட்டுங்கோ. தண்ணிக்கடியில கல்லில ஒட்டி வாழுற பூச்சிக்குஞ்சின்ர உருவம் அது. ட்ரவுட் தின்னுறதில பெரும்பங்கு அடித்தண்ணியிலதான்.

14ஆம் நம்பர் முள்ளை வைஸில (முள்ளைக் கவ்விப் பிடிக்கிற கருவி) இறுக்கி, முள்ளின்ர கண்ணுக்கு (தங்கூசி கோர்க்கிற ஓட்டை) பின்னால இருந்து வளைவு வரைக்கும் நூலைச் சுத்துங்கோ. வெறும் கம்பியில கட்டினால் எல்லாம் வழுக்கி உருளும். வாலுக்குச் சேவல் இறகின்ர நாலைஞ்சு தும்பு, முள்ளின்ர தண்டளவு நீளம் காணும். அதே இடத்தில மெல்லிய செப்புக் கம்பி ஒண்டையும் (பழைய மோட்டரில இருந்து உருவலாம்) மயில் தோகையின்ர தும்பு மூண்டையும் கட்டுங்கோ. தும்பைத் தனியச் சுத்தினால் ட்ரவுட்டின்ர பல்லுப் பட்ட உடன அறுந்து அவிழும். நூலோட சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி முன்னுக்குச் சுத்துங்கோ. பிறகு செப்புக் கம்பியை எதிர்ப்பக்கமாச் சுத்துங்கோ. ஒரே பக்கமாச் சுத்தினால் கம்பி தும்புக்கிடையில புதைஞ்சுபோகும், காவல் இல்லை.

புதுசாக் கட்டுற எல்லாரும் விடுற பிழை, கண் வரைக்கும் அடைச்சுக் கட்டிறது. ஒரு கண்ணளவு இடம் விடுங்கோ. இல்லாட்டில் தங்கூசி (நைலோன் நூல்) நுழையாது.

மயில் தானாக் கழட்டிப் போட்ட தோகையே காணும். பறவையில கை வைக்க வேண்டாம்.

வவுனியா: வீட்டுக் கோழி இறகு சரிவருமோ?

மிதக்கிற ஃபிளைக்குச் சேவலின்ர கழுத்து இறகு. தும்பு முள்ளின்ர வாயளவில (முனைக்கும் தண்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளி) ஒண்டரை மடங்கு இருக்க வேணும். பேட்டின்ர இறகு மெதுமை, தண்ணி குடிச்சுத் தாழும், அதைத் தாழுற ஃபிளைக்கு வையுங்கோ. சவர்க்காரத் தண்ணியில கழுவி நிழலில காயவிட்டு, பூச்சி உருண்டையோட மூடி வையுங்கோ.

முத்தையன்கட்டு: விரால் இதுக்கு அடிக்குமோ, அண்ணை?

நல்லா அடிக்கும் தங்கச்சி. பாட்டாச் செருப்பின்ர அடியில விரல் மொத்தத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடிப்பக்கம் கீறி, நூல் சுத்தின 1/0 முள்ளில பசையோட ஏத்துங்கோ. நுரையின்ர பெரும்பகுதி தண்டுக்கு மேல நிக்க வேணும். கீழ தொங்கினால் முள்ளின்ர வாய் அடைபட்டு, கடிச்சாலும் குத்தாது. பின்னுக்குப் பக்கத்துக்கு ஒண்டா ரெண்டு சேவல் இறகு வெளிவளைவாக் கட்டினால் தவளைக்கால். அல்லி இலையில சிக்காமல் இருக்க 0.5 மில்லிமீற்றர் தங்கூசியை வளைவில கட்டி, முனைக்குக் கீழால கொண்டுவந்து கண்ணடியில முடியுங்கோ.

இலைக்கிடையில விழுத்தி, தண்ணிச் சுழி அடங்கும் வரைக்கும் அசைக்க வேண்டாம். பிறகு ரெண்டு விரற்கடை இழுவை. அடிச்ச உடன தடியைத் தூக்கினால் வாயில இருந்து உருவிவரும். லைன் நகருறதைப் பார்த்துக் கையால இழுங்கோ.

முள்ளின்ர எதிர்ப்பல்லை (முனைக்குப் பின்னால எதிர்ப்பக்கமா நிக்கிற கூர்) குறட்டால நசுக்கி விடுங்கோ.

துணுக்காய்: குஞ்சுக் கூட்டத்துக்கு மேல போட்டால் தாய் உடன அடிக்கும் எண்டு சொல்லுறாங்கள்?

அடிக்கும். அதாலதான் போட வேண்டாம் எண்டுறன். செம்மஞ்சள் குஞ்சுகள் பந்துபோல மேல வந்து மூச்செடுக்கும், கீழ தாய் தகப்பன் காவல் நிக்கும். அது பசியில கடிக்கிறது இல்லை, குஞ்சைக் காக்கக் கடிக்குது. காவலைத் தூக்கினால் மற்ற மீன் வந்து அந்தப் பந்தைத் தின்னும்.

அதே துணுக்காய்: வலைக்காரர் அள்ளுறாங்கள். நான் ஒண்டு பிடிச்சால் குளம் வத்திப்போகுமோ?

வலையில எந்த மீன் விழும் எண்டு வலைக்குத் தெரியாது. உங்களுக்கு அந்தப் பந்து கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சுகொண்டு எறியிறதுதான் பிழை.

அக்கராயன்: குஞ்சு வளரும் வரைக்கும் அந்த மூலையை விட்டுட்டு மற்றப் பக்கம் எறியலாம்தானே.

அதுதான் சரி. மாரியில கரையோரப் புல்லுக்குள்ள அநேகமா இந்தப் பந்துதான். வேற மூலை பாருங்கோ.

வவுனிக்குளம்: இங்க ட்ரவுட் விட்டால்?

முதல் பதில்.

பாவற்குளம்: மார்கழியில குளிர்தானே, அப்ப ட்ரவுட் நிக்காதோ?

மார்கழியில நிண்டாலும் சித்திரையைத் தாண்டாது, ஐயா. முதல் பதிலை முழுக்க வாசியுங்கோ.

மன்னார்: கட்டுக்கரையில இடுப்பளவு தண்ணிக்கு இறங்கி எறியலாமோ?

இறங்க வேண்டாம். குளங்களில சதுப்பு முதலை கிடக்கு, கலங்கல் தண்ணியில தெரியாது. கட்டில நிண்டு எறியுங்கோ. பின்னுக்கு மரம் நிண்டு லைன் சிக்கினால், பின்வீச்சை விட்டிட்டு லைனைத் தண்ணியில உருட்டி எறியிற வீச்சைப் பழகுங்கோ.

மல்லாவி: அனுமதி வேணுமோ?

அந்தக் குளத்து மீனவர் சங்கத்திட்டக் கேளுங்கோ.

கிளிநொச்சி: எதிர்ப்பல்லை நசுக்கினால் விரால் துள்ளிக் கழட்டாதோ?

லைன் தளர்ந்தால்தான் கழரும். தடி வளைஞ்சபடி நிண்டால் பல்லில்லாத முள்ளும் பிடிச்சு நிக்கும். உங்கட காதில முள் ஏறினாலும் அப்பிடியே உருவிவரும். பல்லோட ஏறினால் ஆஸ்பத்திரி.