டேங்க் மாறினால் வேறென்ன மாறியிருக்கும்?

கேள்வி: ஐயா, பழைய சுசூகி டிஆர்650 பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். விற்றவரே அதை மூன்றாம் கையாக வாங்கியவர். "எனக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய பிளாஸ்டிக் டேங்க், உறுமுகிற சைலன்சர், ஹேண்டில்பாரில் எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச். சூடானதும் ஐட்லிங் ஏறி ஏறி இறங்குகிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி ஏறக்குறைய நேராக நிற்கிறது, லேசாகத் தட்டினால் மறுபக்கம் சாய்ந்துவிடும் போல. எது கம்பெனி பாகம், எது பிறகு மாட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட வேண்டுமா?

பதில்: ஐட்லிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குக் காரணம் உங்கள் டேங்க்காகவே இருக்கலாம்.

இந்த வண்டியின் கம்பெனி டேங்க் இரும்பு, கொள்ளளவு சுமார் 13 லிட்டர். அதன் பெட்ரோல் டேப் எஞ்சினின் உறிஞ்சுவிசையால் தானே திறக்கும் வகை. கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய வேக்கம் ட்யூப் அதற்குப் போகும். வெளியே வாங்கி மாட்டும் பிளாஸ்டிக் டேங்க்குகள் பெரும்பாலும் கையால் திருப்பும் டேப்போடு வருபவை. அப்போது அந்த ட்யூப்புக்கு வேலை இல்லை. அதைக் கழற்றியவர் கார்புரேட்டர் பக்கத்து மூக்கை ஒரு ரப்பர் மூடியால் அடைத்திருக்க வேண்டும். மூடி வெடித்திருந்தாலோ, போடவே மறந்திருந்தாலோ அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், பெட்ரோல் கலவை மெலியும், ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காது. எஞ்சின் ஓடும்போது அந்த மூக்கை விரலால் அடைத்துப் பாருங்கள். சூடான பாகங்கள் பக்கத்திலேயே இருக்கும், கை பத்திரம். ஐட்லிங் நிதானப்பட்டால் புது ரப்பர் மூடி ஒன்று போதும்.

பழைய வண்டியைப் பார்ப்பவர்கள் புதிதாக மாட்டியிருப்பதை மட்டும் எண்ணுகிறார்கள். நான் கழற்றப்பட்டது எது என்று முதலில் தேடுவேன். ஒன்று மாறினால் அதற்குத் துணையாக இன்னொன்றும் மாறியாக வேண்டும். அந்தத் துணை மாறாமல் கிடக்கும் வண்டிதான் எஞ்சினைக் கெடுக்கும்.

உங்கள் சைலன்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுசூகி என்று பொறித்திருந்தாலும் கம்பெனி சைலன்சர் என்று முடிவுகட்டாதீர்கள். ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பந்தய ரகத்தின் சைலன்சரை இந்த வண்டிக்குப் பொருத்திக்கொள்பவர்கள் நிறைய. வெல்டிங் தையலையும் கிளாம்ப்பையும் பாருங்கள். பிறகு சீட்டைக் கழற்றி, காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸின் மேல்பக்கத்தைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது காற்று நுழையும் வாயில் ஒரு ரப்பர் குழல் இருக்கும். அது இல்லாமல், பிளாஸ்டிக்கைக் கத்தியால் அறுத்த சொரசொரப்பான ஓரம் தெரிந்தால், காற்று கூடுதலாகப் போக வேண்டும் என்று யாரோ வழி திறந்திருக்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட் மாறியிருக்க வேண்டும்.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, மிக்குனி பிஎஸ்டி40 கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும். திறப்பதற்கு முன்பே சில அடையாளங்கள் கிடைக்கும். அடித்தொட்டியின் நட்சத்திரத் திருகுகளுக்குப் பதிலாக ஆலன் போல்ட் இருந்தால் உள்ளே ஒரு கை நுழைந்திருக்கிறது. ஐட்லிங் கலவைத் திருகைக் கம்பெனி மூடி அனுப்பும் சந்தைகளில் அந்த மூடி துளைக்கப்பட்டிருந்தாலும் அப்படித்தான். உள்ளே மெயின் ஜெட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே அது யாருடையது என்றும் பாருங்கள். மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். டைனோஜெட் என்ற வெளி நிறுவனத்தின் ஜெட் மாற்றும் கிட்டில் வரும் ஜெட்டின் எண் வேறு கணக்கு. இரண்டிலும் ஒரே எண் இருந்தாலும் துளையின் அளவு ஒன்றாக இருக்காது. எண்ணை மட்டும் பார்த்து "சரியான ஜெட்தான்" என்று மூடிவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் ஸ்லைடில் உள்ள காற்றுத் துளையையும் சில கிட்டுகளுக்காகப் பெரிதாக்குவார்கள். துளைத்த ஸ்லைடைப் பழையபடி ஆக்க முடியாது, புதிதுதான் போட வேண்டும்.

ஸ்டாண்ட் விஷயத்துக்கு வருவோம். வண்டியின் உயரத்தைக் குறைத்து, ஸ்டாண்டை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டிருக்கிறார்கள். உயரம் குறைந்திருப்பதால் வெளிப் பாகம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வண்டியைச் சுமார் 4 செ.மீ. தாழ்த்த சுசூகியே வழி வைத்திருக்கிறது. பின் ஷாக்கின் கீழ்ப் பிடிமானத்தை மாற்றி, முன் ஃபோர்க்குக்குள்ளும் மாற்றம் செய்து, குட்டை ஸ்டாண்ட் போடுவார்கள். அப்படி இல்லாமல் பின்பக்க லிங்க் பட்டைகளை மட்டும் வெளியே வாங்கி மாற்றியிருந்தால், பின் மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோர்க் குழாய்கள் மேல் பிடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் முன்பக்கத்தையும் இறக்கியிருக்கிறார்கள்.

அந்தச் சுவிட்சின் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியில் முடிந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். இந்த வண்டியின் மின் உற்பத்தி மொத்தமே சுமார் 200 வாட். ஹெட்லைட்டே 60 வாட் எடுக்கும். சூடாகும் கைப்பிடியும் கூடுதல் விளக்குகளும் சேர்ந்தால் பேட்டரி மெல்ல மெல்லக் காலியாகும்.

வயரைப் பார்க்கும்போதே சைடு ஸ்டாண்ட் சுவிட்சையும் சோதியுங்கள். ஸ்டாண்டைக் கீழே விட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியர் போட்டால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாவிட்டால் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி அந்தப் பாதுகாப்பைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பி, இடதுபக்க வளைவில் அது தரையில் இடித்தால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார்.

ஸ்ப்ராக்கெட்டைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கம்பெனி அளவு முன்னே 15, பின்னே 42 பல், செயின் 525. பற்கள் மாறியிருந்தாலும் கிலோமீட்டர் கணக்கு பொய்யாகாது, ஏனென்றால் மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. செயினின் மேல் உருளை காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம், பலர் வேண்டுமென்றே கழற்றுவார்கள். அது மாட்டியிருக்கும் பட்டையைச் செயின் அடித்து சட்டத்திலிருந்தே பிய்த்துவிடும் என்ற பயம்தான். அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றத் தேவையில்லை. பெரிய டேங்க் நெடுந்தூரத்துக்கு நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் எஸ்இ வடிவம் வந்ததிலிருந்து இந்த மாடல் பெரிதாக மாறவில்லை, அதனால் சுசூகியின் பாகப் பட்டியலில் உங்கள் ஆண்டுக்குரிய படத்தைத் தேடி ஒவ்வொரு பகுதியாக ஒப்பிடுவது எளிது. ஸ்டாண்ட் சுவிட்சையும் ஃபியூஸையும் முதலில் சரிசெய்யுங்கள், பிறகு கார்புரேட்டர். உங்கள் காலுக்கு இப்போதைய உயரம் வசதி என்றால் குட்டை ஸ்டாண்ட் ஒன்று வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் ஷாக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.