கார்டிஃப் போகிற காசு யார் கையில் இருக்கிறது?

கேள்வி: தம்பி, எனக்கு 66 வயது. லண்டன் ஹரோவில் தனியே இருக்கிறேன், அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அரச பென்ஷன் வாரம் 145 பவுண்ட், வேலை செய்த இடத்துப் பென்ஷன் 38 பவுண்ட். வங்கியில் 4,800 பவுண்ட் இருக்கிறது, கடன் இல்லை. நானும் தங்கச்சியும் மே மாதம் கார்டிஃப் போய் மூன்று இரவு நின்றுவர ஆசைப்படுகிறோம். பின்னேரங்களில் அந்தத் தண்ணீர்க்கரை நல்ல கலகலப்பாம். கோச் ஹாலிடே கம்பனி ஒன்று காலை, இரவுச் சாப்பாட்டோடு ஆளுக்கு 289 கேட்கிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் கோச் பிடித்து ஆள் சேர்க்கிறார். ஹோட்டலும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 215, ஆனால் முழுக் காசையும் இப்போதே அவருடைய கணக்கில் போடவேண்டும். மகள் சொல்கிறாள், ரயிலில் போங்கோ அம்மா, ரயிலும் காலைச் சாப்பாட்டோடு ஹோட்டலும் இரண்டு பேருக்கும் 358 தான் என்று. அடுத்த மாதம் சீட்டு எடுக்கிறேன், அந்தக் காசில் போகலாமா? எது லாபம்?

பதில்: அக்கா, முதலில் போங்கள். தங்கச்சி தன் பங்கைத் தானே கட்டினால், உங்கள் பக்கம் கைச்செலவோடு சேர்த்து 400 பவுண்ட் போகும். மிச்சம் 4,400 வங்கியில் நிற்கும். உங்கள் வருமானத்துக்கு அது ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும். கடனும் இல்லை. இதற்கு யோசிக்கவே தேவையில்லை.

சீட்டை மட்டும் இதற்குள் கொண்டுவராதீர்கள். சீட்டு பிடிக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நடுவில் ஒருவர் கட்டாமல் விட்டால் உங்கள் முறை தள்ளிப்போகும், கோச் கம்பனிக்கு மீதிக் காசு கட்டும் தேதி தள்ளிப்போகாது. சேமிப்பிலிருந்து கட்டுங்கள், சீட்டுக் காசு வந்ததும் அதே இடத்தில் திருப்பிப் போடுங்கள்.

இனி மூன்று விலைக்கும் வருவோம். இரண்டு பேருக்கு 578, 430, 358 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மகள் சொல்வதுதான் சரி போலத் தெரியும். ஆனால் அந்த 358இல் இரவுச் சாப்பாடு இல்லை. மூன்று இரவும் இரண்டு பேர் வெளியே சாப்பிட எப்படியும் 90 பவுண்ட் வைக்கவேண்டும். பஸ், படகு என்று 30 வையுங்கள், 478 ஆகிவிட்டது. உங்களிடம் இருக்கும் இலவச பஸ் பாஸ் இங்கிலாந்துக்கு மட்டும்தான். கார்டிஃப் இருப்பது வேல்ஸில், அங்கே அதைக் காட்டினால் டிரைவர் சிரித்துக்கொண்டு காசு கேட்பார். ஊர்க்காரரின் 430உம் இரவுச் சாப்பாட்டைச் சேர்த்தால் 520. ஆகக் கம்பனிக்கும் ரயிலுக்கும் உண்மையான வித்தியாசம் 100, கம்பனிக்கும் ஊர்க்காரருக்கும் 58. இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆளுக்கு 29. அதற்காகவா இவ்வளவு யோசனை?

ஒரு நிபந்தனை உண்டு. கம்பனி தரும் இரவுச் சாப்பாட்டை நீங்கள் சாப்பிட்டால்தான் இந்தக் கணக்குச் சரி. அவித்த கரட்டும் உருளைக்கிழங்கும் உங்களுக்கு இறங்காது, வெளியே போய்த்தான் சாப்பிடுவோம் என்றால் அந்தக் காசு வீண். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அதையும் புக் பண்ணும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஊர்க்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவரை நான் சந்தேகப்படவில்லை. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டின் பொதிச்சுற்றுலா விதிகளின்படி, கோச்சையும் ஹோட்டலையும் ஒன்றாகச் சேர்த்து விற்கிற எவரும், தாங்கள் முறிந்துபோனாலும் வாடிக்கையாளரின் காசு திரும்பும்படி ஏற்பாடு செய்திருக்கவேண்டும். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை, லாபம் பார்க்காமல், தங்களுக்குள் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் செய்தால் இந்த விதி பொருந்தாது. கோயில், ஊர்ச்சங்கப் பயணங்கள் பல இதற்குள்தான் வரும். அவர் வருடாவருடம் லாபத்துக்குச் செய்கிறார் என்றால் விதி அவருக்கும் பொருந்தும், ஆனால் பாதுகாப்பு ஏதும் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் உங்கள் 215 அவருடைய சொந்தக் கணக்கில், அவருடைய மளிகைச் செலவுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவர் பிளாக்பூலுக்குக் கோச் ஏற்பாடு செய்தார். ஆள் சேரவில்லை, பயணம் நின்றது. காசு மூன்று தவணையாக எட்டு மாதத்தில் வந்தது, கடைசி 40 பவுண்ட் வரவேயில்லை. கேட்கவும் முடியாது. கல்யாண வீட்டில் எதிரெதிரே இருந்து சாப்பிடவேண்டிய ஆள்.

அவரோடுதான் போக ஆசை என்றால், கூட்டத்தோடு பாட்டும் பகிடியுமாகப் போவதற்கும் ஒரு விலை உண்டு என்பது எனக்கும் விளங்கும், கோச் காசை மட்டும் அவரிடம் கொடுங்கள். ஹோட்டல் அறையை உங்கள் பெயரில், கட்டணமின்றி ரத்துச் செய்யக்கூடிய விலையில் நீங்களே போடுங்கள்.

கம்பனி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள். 2020 மே மாதம் ஷியரிங்ஸ் விழுந்தது நினைவிருக்கும், நம்மவர் பலர் போய்வந்த கோச் கம்பனிதான். அப்போது பொதியாக வாங்கியவர்களுக்குக் காசைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்ததற்குக் காரணம் முன்கூட்டிச் செய்திருந்த பாதுகாப்பு. விமானம் இல்லாத பயணத்துக்கு ஏடோல் என்ற பாதுகாப்புத் திட்டம் உதவாது. அது பறக்கிற பொதிகளுக்கு. கோச்சுக்கு ஆப்டா என்ற பயண முகவர் சங்கம், அல்லது பான்டட் கோச் ஹாலிடேஸ் என்ற கோச் கம்பனிகளின் பாதுகாப்புத் திட்டம், அல்லது காசைத் தனி அறக்கட்டளைக் கணக்கில் வைக்கும் ஏற்பாடு, இவற்றில் எது இருக்கிறது என்று கேளுங்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, உறுப்பினர் எண்ணை வாங்கி அந்த அமைப்பின் இணையத்தளத்தில் மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ கார்ட் கம்பனியையும் விற்பவரோடு சேர்த்துப் பொறுப்பாளியாக்குகிறது. அட்வான்ஸ் 50ஐ மட்டும் கார்டில் கட்டினாலும் முழு 289க்கும் அந்தப் பொறுப்பு உண்டு. டெபிட் கார்டில் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகக் காசைத் திருப்பி எடுத்துத் தரும்படி கேட்கலாம், ஆனால் அது சட்ட உரிமை அல்ல. வங்கிக் கணக்குக்கு நேரே போட்டால் இரண்டும் இல்லை. தங்கச்சியின் பங்கை அவவுடைய கார்டிலேயே கட்டச் சொல்லுங்கள். உங்கள் கார்டில் இரண்டையும் போட்டால் பிறகு அவவுக்காகக் கோருவது சிக்கலாகலாம். கார்ட் பில் வந்ததும் முழுதாக அடைத்துவிடுங்கள், குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. நாலு நாள் என்கிறார்கள். முதல் நாள் கோச் வழிநெடுக ஆள் ஏற்றி, எம்4 நெடுஞ்சாலையில் போய், செவர்ன் ஆற்றைக் கடந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். நாலாம் நாள் காலைச் சாப்பாட்டோடு பெட்டி கட்டவேண்டும். முழுதாகக் கையில் இருப்பது இரண்டு நாள். (2018 டிசம்பர் வரை அந்தப் பாலத்தில் சுங்கம் இருந்தது. வேல்ஸுக்குள் போகத்தான் காசு, வெளியே வர இலவசம்.)

இரண்டு நாள்தான் என்றால் ஹோட்டல் எங்கே என்பது 29 பவுண்டைவிடப் பெரிய கேள்வி. விளம்பரத்தில் கார்டிஃப் என்று கொட்டை எழுத்தில் போட்டு, அறையை நியூபோர்ட் பக்கமோ நெடுஞ்சாலை ஓரமோ கொடுப்பது கோச் வியாபாரத்தில் வழக்கம். காலை பத்து மணிக்குக் கரையில் இறக்கி, பின்னேரம் நாலு மணிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் ஆசைப்படுவதோ பின்னேரத்தை. தண்ணீர்க்கரையில் கடைகள் நிறைந்த மெர்மெய்ட் கீயில் விளக்குப் போடும் நேரம் நீங்கள் எங்கோ நெடுஞ்சாலை ஹோட்டலில் சூப் குடித்துக்கொண்டிருப்பீர்கள். ஹோட்டலின் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் கேட்டு வாங்கி, அங்கிருந்து கார்டிஃப் பேவுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்று எழுதியிருந்தால், எது என்று உறுதிசெய்த பிறகே காசு. நகரத்துக்குள் அறை தரமாட்டார்கள் என்றால் நான் மகளின் ரயில் பக்கம் சாய்வேன். லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், சீனியர் ரெயில்கார்டுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியும் உண்டு. மகள் அதைக் கணக்கில் சேர்த்தாவா தெரியாது.

எப்படிப் போனாலும் அங்கே பெரிதாகச் செலவில்லை. 1999இல் 1.1 கிலோமீட்டர் நீள அணையைக் கட்டி, வற்றினால் சேறாகத் தெரிந்த துறைமுகத்தை 200 ஹெக்டேர் நன்னீர் ஏரியாக்கினார்கள். அந்த அணைமேல் நடக்கக் காசில்லை. ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்த செனட் என்ற வேல்ஸ் நாடாளுமன்றக் கட்டடம், 1897இல் எழுந்த செங்கல் பியர்ஹெட், நகரத்துள் தேசிய அருங்காட்சியகம், வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகம், எல்லாம் இலவசம். மில்லேனியம் சென்டர் முகப்பில் ஆளுயரத்துக்கு மேல் வெட்டிய எழுத்துகளே ஜன்னல்கள், வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும். இரவில் உள்ளே விளக்கெரியும்போது பாருங்கள். கோட்டைக்கு டிக்கெட் உண்டு. கம்பனி விருப்பச் சுற்றுலா என்று செயின்ட் ஃபேகன்ஸுக்கு மேலதிகக் காசு கேட்டால், நீங்கள் கொடுப்பது கோச்சுக்குத்தான், நுழைவுக்கு அல்ல. நிலக்கரி ஏற்றுமதியில் கொழித்த காலத்தில், உலகின் முதல் பத்து லட்சம் பவுண்ட் காசோலையை அங்கத்தைய கோல் எக்ஸ்சேஞ்சில் எழுதினார்களாம். என் தொழிலுக்கு அந்த வாசலில் நின்று ஒரு படம் எடுக்காமல் வரமுடியவில்லை.

தேதி உறுதியாகுமுன் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தில் அன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். எழுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் கொள்ளும் மைதானம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. ரக்பியோ பெரிய இசைக் கச்சேரியோ இருந்தால் அறை விலை ஏறும், தெருக்களை மூடுவார்கள்.

பொதி வாங்கிய பிறகு கம்பனி விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமின்றி விலகலாம். புறப்பட 20 நாளுக்குள் ஏற்றவே முடியாது. உங்களுக்கோ தங்கச்சிக்கோ வர முடியாமல் போனால், 7 நாள் முன்பு அறிவித்து இடத்தை வேறொருவருக்கு மாற்றலாம், மாற்றும் செலவை மட்டும் கேட்பார்கள். பயணக் காப்புறுதியைப் புக் பண்ணும் நாளே எடுங்கள். சீனி வருத்தம், பிரஷர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் முதல் வரிகளுக்குத் திரும்புகிறேன். 145உம் 38உம் சேர்த்தால் வாரம் 183. தனியே வாழும் ஒருவரின் வருமானம் ஓர் அளவுக்குக் குறைவாக இருந்தால் பென்ஷன் கிரெடிட் என்ற அரச உதவி அதை அந்த அளவுக்கு நிரப்பும், 2025-26 நிதியாண்டில் அந்த அளவு வாரம் 227.10 பவுண்ட். அந்த அளவின்படி உங்களுக்கு வாரம் 44 பவுண்ட் வரக்கூடும், வருடத்துக்கு 2,290 பவுண்டுக்கு மேல். சேமிப்பு 10,000 பவுண்ட் வரை கணக்கில் எடுக்கமாட்டார்கள், குடியிருக்கும் சொந்த வீட்டையும் எடுக்கமாட்டார்கள். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் சேமிப்பாக எண்ணப்படும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கோச் கம்பனிக்குப் போன் எடுப்பதற்கு முன் பென்ஷன் கிரெடிட்டுக்குப் போன் எடுங்கள். தேசிய காப்புறுதி இலக்கமும் இரண்டு பென்ஷன் கடிதங்களும் வங்கி விவரமும் மேசையில் இருக்கட்டும். மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுத் தரச்சொல்லிக் கேட்க மறக்காதீர்கள்.