வத்தக்குழம்பில் டிகாஷன் ஊற்றலாமா?

கேள்வி: என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறார். வருஷா வருஷம் தை பிறந்ததும் அரை கிலோ எஸ்டேட் காப்பித்தூள் வந்துவிடும். காரச் சமையலிலும் காப்பி சேர்க்கலாம், அதுவும் அறுவடை சீசனில் புதுத்தூளில் செய்தால் ருசியே தனி என்று எங்கோ படித்தேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொதிக்கும்போது அரை டம்ளர் டிகாஷன் ஊற்றினேன். வாயில் வைக்க முடியவில்லை. என் கணவர் இன்றுவரை, “குழம்புக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?” என்று கேட்கிறார். எங்கே தப்பு செய்தேன்?
- ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: தப்பு காப்பியில் இல்லை அம்மா, நீங்கள் அதற்குப் பார்த்த ஜோடியில். சுண்டைக்காய் கசக்கும், தாளித்த வெந்தயம் கசக்கும், அவை போதாதென்று டிகாஷன். புளி வேறு. ஏற்காட்டு மலையில் விளையும் அராபிகா வகைக் காப்பிக்கே இயல்பில் லேசான புளிப்பு உண்டு. புளிக்கரைசலில் அது சேர்ந்தால் நாக்கு தவிக்காமல் என்ன செய்யும்?

காரத்தோடு காப்பி சேர்த்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். காப்பி பிறந்த எத்தியோப்பியாவில் ஒரோமோ மக்கள் காப்பிப்பழத்தை வெண்ணெயில் வறுத்து உண்பார்கள். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் குடிப்பவர்களும் அந்த நாட்டில் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உப்பிட்ட பன்றித் தொடையை வாணலியில் பொரித்து எடுத்ததும், அடியில் ஒட்டிய கொழுப்பிலும் காந்தலிலும் கறுப்புக் காப்பியை ஊற்றிச் சுரண்டிக் கரைப்பார்கள். ரெட் ஐ கிரேவி என்று பெயர். சிங்கப்பூர்ச் சீனக் கடைகளில் பொரித்த பன்றி விலாவைக் காப்பியும் இனிப்பும் சேர்ந்த கெட்டிச் சாறில் புரட்டித் தருவார்கள். மூன்று நாட்டுச் சமையலிலும் கொழுப்போ, உப்போ, இனிப்போ காப்பிக்குத் துணையாக நிற்கிறது. புளியை யாரும் பக்கத்தில் விடவில்லை.

உப்பு செய்யும் வேலையை நீங்களே சோதிக்கலாம். கசந்துபோன டிகாஷனில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நாக்கில் வையுங்கள். கசப்பு அடங்கியிருக்கும். கறியிலும் அதேதான் நடக்கிறது. அதனால்தான் சாப்பிடுபவர் “காப்பியா போட்டாய்?” என்று கேட்கமாட்டார், “மசாலாவை நன்றாக வறுத்திருக்கிறாய்” என்பார். காப்பி வாசனை தனியாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

சரி, சீசன் விஷயம். ஏற்காட்டில் காப்பி 1820களிலிருந்து இருக்கிறது. பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் செடி மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும். பழம் சிவந்து பறிப்பது கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும். பறித்ததும் தோலுரித்து, புளிக்கவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் வாரம் பத்து நாள் காயப் போடவேண்டும். அதன்பிறகு மேலோட்டை நீக்கித் தரம் பிரிக்க வேண்டும். ஆக, தைப்பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வரும் தூள் பெரும்பாலும் போன வருஷத்துக் கொட்டையாகத்தான் இருக்கும். அதில் குறை ஒன்றுமில்லை, வறுக்காத கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். வறுத்து அரைத்த நாளிலிருந்துதான் வாசனை ஓட ஆரம்பிக்கும். எனவே “புதுசு” என்றால் புதிதாக வறுத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மாதத்துக்கென்று வேறொன்று இருக்கிறது: கிழங்கு. பொங்கலுக்குச் சந்தையில் குவியும் சர்க்கரைவள்ளிக்குக் காப்பி அத்தனை பொருத்தம். கிழங்கின் இனிப்பு கசப்பைப் பிடித்துக்கொள்ளும். அரை கிலோவைத் தோலோடு விரல் நீளத்துக்கு நறுக்கி முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து ஆறவிடுங்கள். இரும்பு வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய் காய்ந்ததும் கிழங்கைப் பரத்திப் போட்டு, கிளறாமல் அடி சிவக்க விடுங்கள். ஓரம் கறுக்கத் தொடங்கியதும் திருப்புங்கள். அடுப்பைத் தணித்து 1 டீஸ்பூன் காப்பித்தூள், 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், உப்பு தூவி ஒரே நிமிஷம் புரட்டி இறக்குங்கள். தூளை முதலிலேயே போட்டால் கருகிவிடும். ஏற்கெனவே வறுத்ததை மறுபடி வறுக்கக் கூடாது.

தூளை மிக்சியில் இன்னொரு சுற்று விட்டு விபூதி மாதிரி ஆக்கிக்கொள்வது முக்கியம். பில்டருக்கு அரைத்தது பல்லில் மணலாக அகப்படும். நான் இன்னும் புத்திசாலி: முதல்முறை, வீணாக்குவானேன் என்று பில்டரில் மிஞ்சிய சக்கையைக் கோழியில் தடவினேன். அன்று வீட்டில் எல்லோருக்கும் ரசம் சாதம்தான்.

அசைவம் என்றால் அரை கிலோ ஆட்டுச் சாப்ஸுக்கு 2 டீஸ்பூன் காப்பித்தூள், 2 டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, காரம், உப்பு, பூண்டு விழுது தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, சின்னத் தீயில் மூடி வைத்துச் சுடுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பில் வெங்காயம் நன்றாகச் சிவந்தபின் 2 டேபிள்ஸ்பூன் டிகாஷன் விடலாம், தக்காளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. மீனில் மட்டும் வேண்டாம். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிக்கரி கலந்த தூளை இதற்கெல்லாம் எடுக்காதீர்கள். கடைப் பாக்கெட்டில் சிக்கரி 49 சதவீதம் வரை சட்டப்படியே இருக்கலாம், அளவு அட்டையிலேயே போட்டிருக்கும். எஸ்டேட் தூள்தானே என்று இருந்துவிடாமல் நாத்தனாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் பிள்ளைகள் தூங்காமல் போவார்களோ என்ற பயம் வரலாம். கொதித்தாலும் கஃபீன் போகாது என்பது உண்மை. ஆனால் 2 டீஸ்பூன் என்பது சுமார் 4 கிராம், அராபிகாவில் கஃபீன் சுமார் 1.2 சதவீதம், நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் பன்னிரண்டு மில்லிகிராம்தான் வரும். ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி வகை என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு.

அடுத்த தைக்கு நாத்தனாரிடம் தூளோடு கால் கிலோ வறுக்காத கொட்டையும் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, இரும்புச்சட்டியில் ஒரு கைப்பிடி போட்டுக் கை ஓயாமல் கிளறுங்கள், புகை வரும். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, பட் பட்டென்று வெடிக்கும். வெடிச்சத்தம் ஓய்ந்து ஒரு நிமிஷத்தில் முறத்தில் கொட்டி விசிறுங்கள், சருகு பறந்துவிடும். மறுநாள் அரைத்துக்கொள்ளலாம். அந்தத் தூளில் கிழங்கு செய்து வைத்துவிட்டு, என்ன போட்டிருக்கிறேன் என்று உங்கள் கணவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.