பத்து மீட்டரில் 100 டெசிபல் என்றால், 160 மீட்டரில் எவ்வளவு?

கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி 10 மீட்டர் தொலைவில் 100 டெசிபல் காட்டினால், 160 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தக்கலைப் பக்கம் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்பதால், இந்தக் கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் போடுகிறேன். தொலைவு 16 மடங்கு ஆகிவிட்டதே என்று 100-ஐ 16-ஆல் வகுத்துவிடும் மாணவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். வகுக்க வேண்டியது ஒலிச்செறிவை, அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விநாடிக்கு வந்து சேரும் ஒலி ஆற்றலை. டெசிபல் மடக்கை (log) அளவு என்பதால் அதில் கழித்தல்தான் உண்டு.

தடையில்லாத வெளியில் ஒலி விரிந்துகொண்டே போகும்போது, அதே ஆற்றல் தொலைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் பரப்பில் பரவ வேண்டியிருப்பதால், தொலைவு இரட்டித்தால் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. டெசிபலில் அது 6 குறைவு. 10, 20, 40, 80, 160 என நான்கு முறை இரட்டிக்கிறோம். 24 கழிந்து விடை 76 டெசிபல்.

செறிவின் வழியாகவும் சரிபார்க்கலாம். காதுக்கு எட்டும் மிகச் சிறிய ஒலியின் செறிவாகக் கொள்ளப்படுவது, சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. 100 டெசிபல் அதைப்போல் ஆயிரம் கோடி மடங்கு, அதாவது 0.01 வாட். 16-இன் இருமடியான 256-ஆல் வகுத்தால் 0.000039 வாட் வரும்; இது காதுக்கு எட்டும் அந்த மிகச் சிறிய செறிவைப்போல் 3.9 கோடி மடங்கு, அதன் மடக்கை 7.59, பத்தால் பெருக்கினால் 75.9. இரட்டிப்பில் அடங்காத தொலைவுகளுக்கு, இரு தொலைவுகளின் விகிதத்துக்கு மடக்கை கண்டு 20-ஆல் பெருக்கிக் கழித்தால் போதும்.

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த பகல் வரம்பு 55 டெசிபல். கணக்குப்படி அந்த அளவுக்கு இறங்க ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விலக வேண்டும்! இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான், குழாயைப் பக்கத்து வீட்டு மாடியை நோக்கிக் கட்டுவது எவ்வளவு பெரிய தொல்லை என்பது எனக்கே உறைத்தது.

ஆனால் நேரில் அளந்தால் 76 அப்படியே வராது. எங்கள் வீடு குளத்துக்கு அக்கரையில் இருக்கிறது. வெயில் நேரத்தில் தரையோரக் காற்று சூடேறி ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடுவதால் பாட்டின் சொற்கள் தெளிவதில்லை. பொழுது சாய்ந்து நீர்மேல் காற்று குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைய, வில்லுப்பாட்டில் குடம் தட்டும் ஓசை திண்ணைவரை துல்லியமாக வருகிறது. நடுவில் நாலைந்து வரிசை ரப்பர் மரங்கள் நிற்பதை நம்பி எதையும் கழிக்காதீர்கள். அவ்வளவு மெல்லிய மரவரிசை மிகக் குறைவாகவே தடுக்கும்.

ஒரே கம்பத்தில் ஒரே திசை நோக்கி ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு குழாய்கள் இருந்தால், ஒன்றை அணைத்தாலும் பொதுவாக 3 டெசிபல்தான் குறையும். ஆகவே கொடைக் கமிட்டியிடம் பேசப் போகிறீர்கள் என்றால், குழாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதைவிட, அவற்றின் வாயை வீடுகளிலிருந்து திருப்பி வைக்கவும் ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை இறக்கவும் கேளுங்கள்.