பட்டா சுத்தம்தான், வீடு கட்ட முடியுமா? மலையில் வீடு, மனை வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்துபோனவர்களிடமிருந்துதான் வீடு, மனை பற்றிய கேள்விகள் அதிகம் வருகின்றன. பொதுவாகப் பயன்படும் என்று தோன்றிய சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோத்தகிரி பக்கம் 8 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. 30 வருட வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

இடம் யாருடையது என்பதற்குத்தான் இந்த இரண்டு காகிதமும் பதில் சொல்கின்றன. அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பது தனிக் கேள்வி. மலையில் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

கோத்தகிரி பக்கம் 8 சென்ட் என்றால், தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பது போலத் தெரிகிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 1990-லிருந்து மலைக் கிராமங்களில் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டிவரும். இவற்றில் ஒன்று நின்றாலும் கோப்பு நின்றுவிடும்.

அடுத்து, அந்தப் புல எண் தனியார் காடு பட்டியலில் இருக்கிறதா? 1949-ஆம் வருட தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவே கூடாது. பட்டா இருப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. மனைக்குள் சில்வர் ஓக் மரம் நின்றால் அதையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே அமலில் உள்ளது.

"பக்கத்துல எல்லாரும் கட்டியிருக்காங்க சார்" என்று புரோக்கர் சொன்னால், அந்தப் பக்கத்து வீட்டின் அனுமதி வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

குன்னூரில் சரிவில் கட்டிய வீடு. வியூ அருமை. மண் சரியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சென்னை வாசகி)

வியூவைப் பார்த்தது போதும், திரும்பி நின்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் சுவரைப் பாருங்கள்.

சரிவில் வீடு கட்ட மேல் பக்கம் மண்ணை வெட்டியிருப்பார்கள். வெட்டிய மண் எங்கே போனது? இதைக் கேட்டே ஆக வேண்டும். லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோயிருந்தால் நல்லது. முன்பக்கம் கொட்டிச் சமன் செய்திருந்தால், வீட்டின் பின்பாதி கெட்டி மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்திருக்கும். அப்படியான வீட்டில் இரண்டும் சேரும் இடத்தில், தரையிலோ பக்கச் சுவரிலோ குறுக்கே விரிசல் ஓடும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீடு என்றால் அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, அவை அடைத்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பொதுவாக மண்ணைவிட அதற்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. வீட்டுக்கு மேலே இருக்கும் மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். மின்கம்பம் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். மேல் வீட்டுக்காரரின் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். அவருடைய கசிவு உங்கள் சுவருக்குள்தான் இறங்கும்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சரிவு அபாயம் உள்ளவையாக மாவட்டத்தில் 283 இடங்களை நிர்வாகம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. வீடு இருக்கும் பகுதி அதில் வருகிறதா என்று வருவாய்த் துறையில் கேட்கலாம். புல வரைபடத்தில் ஓடை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெயில் காலத்தில் அது வெறும் பள்ளமாகத் தெரியும், மழை வந்தால்தான் ஓடை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் நல்ல மழை. அந்தச் சமயத்தில் ஒரு தடவை நேரில் வந்து பார்க்காமல் பத்திரம் போடாதீர்கள்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் விலை பாதிதான் சொல்கிறார்கள். ஏன்? (ஈரோடு வாசகர்)

செக்ஷன் 17 நிலமா என்று கேளுங்கள். நிலம்பூர் கோவிலகம் (அரச குடும்பம்) போன்ற ஜென்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்களை, ரயத்துவாரியாக (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு) மாற்ற 1969-ல் சட்டம் வந்து, 1974-ல் அமலுக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்களின் சிக்கல் இன்னும் ஓயவில்லை. தலைமுறைகளாக அங்கே குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை, மின் இணைப்புக்கும் அல்லாட்டம். அவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அது வேறு விஷயம். வெளியூரிலிருந்து வரும் நீங்கள் ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தத்தை நம்பி அதற்குள் நுழையாதீர்கள்.

மசினகுடி, பொக்காபுரம் பக்கம் என்றால் யானை வழித்தடத்தையும் பாருங்கள். அந்த வழித்தடத்துக்காக 2010-ல் அரசு போட்ட அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

கொடைக்கானலில் கட்டி முடித்த வீடு. ஹோம்ஸ்டேயாக விட்டு இ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்கிறார் விற்பவர். (மதுரை வாசகர்)

அனுமதி குடியிருப்புக்கா, வணிகத்துக்கா? குடியிருப்பு என்று வாங்கிவிட்டுக் காட்டேஜ் நடத்திய கட்டடங்களுக்கு அங்கே சீல் வைத்திருக்கிறார்கள். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடி, அறைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு மாடி இருந்தால் அந்தத் தலைவலியும் சேர்ந்து உங்கள் பெயருக்கு வரும். 2024 மே முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்திருக்கிறது. வருமானக் கணக்கை விற்பவர் சொல்லும் சீசனை வைத்துப் போடாமல், ஆட்கள் வராத மாதங்களை வைத்துப் போடுங்கள்.

தண்ணீருக்கு போர் போட்டுக்கொள்ளலாம்தானே? (அதே வாசகர்)

இஷ்டத்துக்கு முடியாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் போர்வெல், ஜே.சி.பி. இரண்டுக்குமே கட்டுப்பாடு உண்டு. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், அதுவும் மார்ச், ஏப்ரலில். ஊற்றுத் தண்ணீர் என்றால் ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, குழாய் யார் நிலம் வழியாக வருகிறது என்பது பத்திரத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி மட்டும்தான். விலை குறைவு. வாங்கலாமா? (கோவை வாசகி)

நடக்கத் தெம்பிருந்தால் வாங்கலாம். ஊட்டியிலும் குன்னூரிலும் அப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. மணலும் சிமென்ட்டும் தலைச்சுமையாகத்தான் இறங்கும், அந்தக் கூலியை ரிப்பேர் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். படிகள் பொதுப் பாதையா, யாருடைய பட்டாவுக்குள்ளாவது வருகிறதா என்பதை மட்டும் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

பலகைத் தளம் போட்ட பழைய பங்களா. என்ன பார்க்க வேண்டும்? (பெங்களூரு வாசகர்)

பலகைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு விட்ட துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் பலகையும் உத்தரமும் ஊறிப்போயிருக்கும். மூலைகளில் திருப்புளியால் குத்திப் பாருங்கள், இறங்கக் கூடாது. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், பூஞ்சை அதற்குப் பின்னால்தான் இருக்கும். இடித்துவிட்டு உயரமாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால், நீலகிரியில் 1993-ஆம் வருடக் கட்டட விதிகள் வைத்த உயர வரம்பு 7 மீட்டர். அதைக் கட்டட நிபுணரிடம் பேசிவிட்டு விலை பேசுங்கள்.