எம்டனும் கொதிகலன் தீயும்

அன்புள்ள ஐயா,

1919 ஜூன் 21 அன்று முதல் உலகப் போரில் தோற்று, ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கடற்படை தன் போர்க்கப்பல்களைத் தானே மூழ்கடித்ததைப் பற்றி அண்மையில் வாசித்தேன். தோற்றவர்களுக்கு எஞ்சியிருந்த மானத்தை அதன் தலைவர் அட்மிரல் ராய்ட்டர் காப்பாற்றினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 52 கப்பல்கள் மூழ்கின. இறந்தவர்கள் வெறும் ஒன்பது பேர். இதைப் போர்நிறுத்த உடன்படிக்கையை மீறிய செயல் என்பது நியாயமா?

க., தூத்துக்குடி

அன்புள்ள க.,

மீறல்தான். போர்நிறுத்தம் அன்றோடு முடிந்துவிட்டதென்று ராய்ட்டர் நம்பினார், அது இரண்டு நாள் நீட்டிக்கப்பட்டிருந்தது என்பதையெல்லாம் வழக்கறிஞர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘மானம்’ என்ற சொல்.

சிறுவயதில் நான் ஏதாவது தில்லுமுல்லு செய்து அகப்பட்டுக்கொண்டால் என் அப்பத்தா, “சரியான எம்டன்டா நீ” என்பார். அதில் பாதி வசவு, பாதி பெருமை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே ஒழிந்துபோக, அதன் பெயரைத் தாங்கி வந்த இரண்டாவது எம்டன்தான் ஸ்காப்பா ஃப்ளோவில் ராய்ட்டரின் தலைமைக் கப்பல். முதலில் அவர் இருந்தது ‘ஃப்ரீட்ரிஷ் டெர் குரோஸ’ என்ற பெருங்கப்பலில். அங்கே அவருடைய அறைக்கு மேல்தளத்தில் மாலுமிகள் இரவெல்லாம் தடதடவென்று மிதித்து அவரைத் தூங்கவிடாமல் செய்ததால், 1919 மார்ச்சில் எம்டனுக்கு இடம் மாறிக்கொண்டார்.

அந்த மாலுமிகளுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை. 1918 அக்டோபர் கடைசியில், போர் தோற்றுவிட்டது என்று ஊருக்கே தெரிந்த பிறகு, கடற்படையின் மானத்தைக் காக்க ஆங்கிலேயரோடு இறுதியாக ஒரு முறை மோதிவிட வேண்டும் என்று ஜெர்மானிய அட்மிரல்கள் திட்டமிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் சாவில்தான் அது முடிந்திருக்கும். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் அருகே திரண்டிருந்த கப்பல்களில் கரி அள்ளிப்போடும் தொழிலாளர்கள் கொதிகலன் தீயை அணைத்தார்கள். தீ அணைந்தால் நீராவி இல்லை, நீராவி இல்லையென்றால் அட்மிரலின் மானம் நங்கூரத்தோடு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். துப்பாக்கி முனையில் கைதாவோம் என்று தெரிந்தே அவர்கள் அதைச் செய்தார்கள், கைதும் ஆனார்கள். நவம்பர் 3 அன்று கீல் நகரில் கிளர்ச்சி மூண்டது. ஒன்பதாம் தேதி ஜெர்மானியப் பேரரசர் கெய்சரின் ஆட்சியே போயிற்று. வீரத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அந்தக் கரிபடிந்த கைகளில் தேடுங்கள்.

ஸ்காப்பா ஃப்ளோவில் நடந்தது வேறு. அடங்காத மாலுமிகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்தவர்களைக் கொண்டுதான் ராய்ட்டர் தன் காரியத்தைச் சாதித்தார். காவலிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் அன்று காலை பயிற்சிக்குப் போயிருந்தன. ‘பத்தி பதினொன்று’ என்ற சங்கேதம் கப்பலுக்குக் கப்பல் போனதும் கடல்நீரை உள்ளே விடும் அடித்தளத்து வால்வுகள் திறக்கப்பட்டன. மறுபடி மூட முடியாதபடி அவற்றின் கைப்பிடிகளைக் கடலில் வீசினார்கள். 12.16 மணிக்கு ஃப்ரீட்ரிஷ் முதலில் கவிழ்ந்தது, மாலை ஐந்து மணிக்கு ஹிண்டன்பர்க் கடைசியாக அமிழ்ந்தது. உல்லாசப் பயணமாகக் கப்பல்களைப் பார்க்க வந்திருந்த ஸ்ட்ராம்நெஸ் பள்ளிப் பிள்ளைகள் படகிலிருந்தபடியே இதைப் பார்த்திருக்கிறார்கள். எம்டன் மட்டும் முழுக மறுத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஆங்கிலேயர்கள் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கரையேற்றிவிட்டார்கள் என்பதே உண்மை.

இத்தனை இரும்பு மூழ்கியதில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைமைக்கு உள்ளூர நிம்மதிதான். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் தலைவலி விட்டது அல்லவா?

கடைசியாக, ‘வெறும் ஒன்பது பேர்’. க., இந்த ‘வெறும்’ என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. போர் ஓய்ந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன, வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாக ஒரே வாரம்தான் இருந்தது. திரும்பி ஓடிவந்த ஆங்கிலேயர்கள் பதற்றத்தில் சுட்டதில் ‘மார்க்கிராஃப்’ கப்பலின் தலைவர் வால்டர் ஷூமானும் மாலுமிகளும் செத்தார்கள். ஹோய் தீவின் லைனெஸ் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். ராய்ட்டர் 1920 ஜனவரியில் ஊர் திரும்பினார்.