மதுரையிலிருந்து மாத்தறைக்கு பைக்கில் போகலாமா?

கேள்வி: எங்கள் வீடு விரகனூரில். இந்த வழியாகப் போகும் ராமேஸ்வரம் ரோடு 'ஆசிய நெடுஞ்சாலை 43' என்றும், இலங்கையில் மாத்தறை வரை போகிறது என்றும் நண்பர் சொல்கிறார். பொங்கல் முடிந்ததும் என் புல்லட்டிலேயே போய்வர ஆசை. என்னென்ன பேப்பர் வேண்டும்?

பதில்: நண்பர் சொன்னது உண்மைதான். ஆக்ராவில் கிளம்பும் ஏ.எச். 43, ஹைதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக மதுரைக்கு வந்து தனுஷ்கோடிக்குத் திரும்புகிறது. வரைபடத்தில் அந்தக் கோடு கடலைத் தாண்டித் தலைமன்னாரில் கரையேறி, கொழும்பு, காலி என்று மாத்தறையில் முடியும். ஆனால் உங்கள் புல்லட் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் பாலமும் இல்லை, கப்பலும் இல்லை. 1964 புயலுக்கு முன்பு தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று போனார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'போட் மெயில்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஏ.எச். எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.நா. முயற்சியில் உருவாகி 2005-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தம், ஏற்கெனவே இருந்த சாலைகளுக்குப் பொது எண்ணும் தரமும் வகுத்தது. எல்லை தாண்டும் அனுமதி அதில் கிடையாது. அது அந்தந்த நாட்டுச் சுங்கத்தின் கையில்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது; ஆள்தான் ஏறலாம், பைக் ஏறாது. சரக்குக் கப்பலில் அனுப்புவதென்றால் 'கார்னே' எடுக்க வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் மாதிரி அது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் அந்த நாட்டு வரியைக் கட்டுவோம் என்பதற்கு உத்தரவாதமாக ஒரு தொகையை முடக்க வேண்டும். பத்து நாள் பயணத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு.

நான் சொல்வது இது. கொழும்புக்கு விமானத்தில் போய் அங்கே பைக் வாடகைக்கு எடுங்கள். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான், பழகச் சிரமமில்லை. கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். இலங்கையில் அது மட்டும் போதாது, அங்கே உள்ளூர் ஒப்புதலும் பெற வேண்டும். இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

சொந்த வண்டியில்தான் எல்லை தாண்டுவேன் என்றால் வடக்கே திருப்புங்கள். நேபாளத்துக்கு கார்னே வேண்டாம். எல்லையிலேயே 'பன்சார்' என்னும் நேபாளச் சுங்கக் கட்டணம் செலுத்தி, நாள் கணக்கில் அனுமதி வாங்கலாம். ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்; அண்ணன் வண்டி, மாமா வண்டி என்றால் எல்லையில் பேச்சு நீளும்.